வில்லங்கம் மாடியில் இருக்கிறார்

எங்கள் குடும்பத்தில் யாரும் கடன் வாங்கியதில்லை. கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கியதும் இல்லை. என் தகப்பனார் ஒரு சைக்கிள் வாங்குவதற்கு முழுப் பணமும் சேரும்வரை நடந்தே வேலைக்குப் போனார். பணம் சேர்ந்தபோது அவருக்குச் சைக்கிள் மிதிக்கிற வயது தாண்டிவிட்டது என்பதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். அந்தச் சைக்கிளின் ஒரு திருகாணிகூட இன்னொருவன் பணம் இல்லை.

நான் எடைகள், அளவைகள் இலாகாவில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைத்தெருவில் என்னைத் 'தராசு' என்பார்கள். அது பட்டப்பெயர் அல்ல, பாராட்டு. யார் முன்னாலும் குனிந்து நின்றவன் இல்லை நான். முதுகும் அப்படியே படிந்துவிட்டது. என் மகள் அதை ஒரு வியாதியாகப் பார்க்கிறாள். அவள் பிசியோதெரபிஸ்ட், நேராக இருப்பதெல்லாம் அவள் கண்ணுக்கு இறுக்கம்.

வீடு தேடும் பேச்சு அவளால்தான் வந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். அதனால் மகள் எங்களோடு இருந்தாள். அவளுடைய நோயாளிகளும் எங்களோடு இருந்தார்கள். நான் பேப்பர் படிக்கும் கூடத்தில், என் நாற்காலிக்கு எதிரே, யாராவது ஒருவர் சோபாவில் குப்புறப் படுத்து "அம்மா" என்று முனகிக்கொண்டிருப்பார். காலை முதல் மாலை வரை ஒரே வாசகம்தான் வீட்டில் கேட்கும்: "குனியாதீங்க. முதுகு நேரா இருக்கட்டும். முட்டியை மடக்குங்க." அதில் முதல் பாதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"அப்பா, தெருவைப் பார்த்து தனி வாசல் வச்ச ஒரு முன்னறை. அவ்வளவுதான் எனக்கு வேணும்," என்றாள் மகள். "அது கிடைச்சா உங்க சோபா உங்களுக்கு."

அவளும் மாப்பிள்ளையும் சேர்த்து வைத்த பணம் ஒரு நடுத்தரமான வீட்டுக்குக் கிட்டத்தட்டப் போதும். கடன் எடுக்க வேண்டாம் என்று நான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை கடலில் இருந்ததால், வீட்டுப் பெரியவன் என்ற முறையில் பேரம் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. வந்தது என்பதைவிட, எடுத்துக்கொண்டேன்.

அந்த வீடு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருடையது. கீழே கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறைகள். தெருப்பக்கம் தனி வாசலோடு ஒரு முன்னறை. மகள் அந்த அறைக்குள் நின்று இரண்டு கைகளையும் விரித்துத் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கீழே கட்டில், மூலையில் திரை, கதவுக்குப் பக்கத்தில் நாற்காலிகள் என்று அவள் கண்ணிலேயே எல்லாம் போட்டு முடித்துவிட்டது எனக்குத் தெரிந்தது. சின்ன வயதில் பொம்மைக்கடை வாசலிலும் அவள் இப்படித்தான் நிற்பாள். கேட்கமாட்டாள்; நிற்பாள்.

கூடத்தின் ஓரத்தில் மாடிக்குப் போகும் படிக்கட்டு இருந்தது. நடுவில், நெற்றி உயரத்தில், குறுக்கே ஒரு விட்டம். கட்டியவன் பின்னால் யோசித்து மாடி எடுத்திருக்கிறான். ஏறுகிறவன் தலை குனிந்துதான் ஏற வேண்டும்.

"மேல ஒரு ரூம்தான் சார். வாங்க, பாத்துடலாம்," என்றார் கண்ணாடிக்காரர்.

"வேண்டாம். இங்கிருந்தே தெரிகிறது," என்றேன்.

அவர் சொன்ன விலை, அந்தத் தெருவில் மற்ற வீடுகளின் விலையைவிட நன்றாகக் குறைவு. குறைந்த விலையைக் கண்டு மயங்குகிற ஆள் நான் இல்லை. எடை குறைந்தால் எங்கே ஓட்டை என்று தேடுவதுதான் என் தொழிலாக இருந்தது. ஆகவே நேராகவே கேட்டேன்.

"வீட்டுல வில்லங்கம் ஏதாவது இருக்கா?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி தேநீர்த் தட்டோடு வந்தார். "மேலதான் இருக்காரு. இப்பத்தான் தூங்கி எழுந்தாரு," என்றார்.

"யாரு?"

"வில்லங்கம். இவரோட தாய்மாமா. பஸ்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவரு. அவரு கையில மாட்டாதவங்களே கிடையாது. அதான் ஊரே அப்படிக் கூப்பிடுது."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டுப் பெரியவரை, அதுவும் தாய்மாமனை, வந்தவர்கள் முன்னால் இப்படியா சொல்வது? "அம்மா," என்றேன், "பெரியவங்களுக்குப் பட்டப்பேர் வைக்கறது ஒரு குடும்பத்துக்கு அழகு இல்ல. அவரு காதுல விழுந்தா என்ன நினைப்பாரு?"

"அவருக்குப் பெருமைதான் சார். லெட்டர்லகூட அப்படித்தான் கையெழுத்துப் போடுவாரு."

நான் விடவில்லை. மரியாதையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தேநீர் ஆறிப்போகும்வரை சொன்னேன் என்று மகள் பிற்பாடு சொன்னாள். கண்ணாடிக்காரர் பாவம், நடுவில் இரண்டு தடவை "சார், அது வந்து, மாமா விஷயம்" என்று ஆரம்பித்தார். "நான் முடிச்சுக்கறேன்," என்று தடுத்துவிட்டேன். கடைசியில் அவர் மனைவிதான், "நீங்க சொல்றது சரி சார். ஆனா ஒண்ணு, மாமாவோட சேத்துத்தான் இந்த விலை. பின்னாடி மாத்திப் பேசக்கூடாது," என்றார்.

நான் சிரித்தேன். நான் சாதாரணமாகச் சிரிக்கிறவன் அல்ல. ஆனால் கிழவரையும் மேஜை நாற்காலியோடு சேர்த்து விற்கிற அந்த வேடிக்கை எனக்குப் பிடித்துவிட்டது. "சேர்த்தே எடுத்துக்கறோம்மா," என்று கண்ணாடிக்காரருக்குக் கைகொடுத்தேன். மகள் முன்பணம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் தம்பிகளுக்கும் தங்கைக்கும் சம்பந்திக்கும் தகவல் சொன்னேன்: வீடு முடிந்தாயிற்று, பேசி முடித்தவன் நான்.

அடுத்த வாரம், பத்திரங்களைப் பார்க்கச் சொல்லியிருந்த வக்கீல் கூப்பிட்டனுப்பினார். வக்கீல் ஒரு பெண். எதையும் சாந்தமாகச் சொல்வார். அதுதான் பயமாக இருந்தது.

"வீட்டு மேல ரெண்டு கடன் இருக்கு. ஒண்ணு பேங்க். அது பிரச்சினை இல்ல. நீங்க குடுக்கப்போற பணத்தை நேரா பேங்க்ல கட்டிட்டா, கணக்கை முடிச்சு மூலப்பத்திரத்தைக் குடுத்துடுவாங்க. மிச்சம் கொஞ்சம் கண்ணாடிக்காரருக்கு. அந்த வழி நல்ல வழி."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது அவரோட தாய்மாமா. ஓய்வுபெற்றப்ப வந்த பணத்தைக் கடைக்காக மருமகனுக்குக் குடுத்து, இந்த வீட்டை முறைப்படி அடமானமா எழுதி வாங்கிப் பதிவும் பண்ணிருக்காரு. கடன் தீந்துதுன்னு அவரு எழுதிக் குடுக்காம வீடு உங்களுக்குச் சுத்தமா வராது."

"அது கண்ணாடிக்காரர் தீர்க்க வேண்டிய கடன்தானே?"

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டேன். 'மாமாவோட சேத்துத்தான் விலை'ன்னு உங்ககிட்ட சொன்னதா சொல்றாரு. கடனை வாங்கறவங்க தலையில ஏத்துக்கறதாலதான் அவ்வளவு கம்மி விலையாம். நீங்க சிரிச்சுக்கிட்டே கைகொடுத்தீங்களாம்."

அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. நான் வில்லங்கம் உண்டா என்று கேட்டேன். மாடியில் இருக்கிறது என்று சொன்னார்கள். உலகத்தில் எந்த வீட்டு வில்லங்கமும் இவ்வளவு சரியாக விலாசத்தோடு சொல்லப்பட்டிருக்காது. நான் பார்த்துக்கொண்டிருந்தது மரியாதையை. அதற்காக நான் வருத்தப்படத் தயாராக இல்லை.

"இது வாய்ப்பேச்சுதானே, வேணும்னா விலகிக்கலாம்," என்றார் வக்கீல். "முன்பணம் திரும்ப வர நாளாகும். கண்ணாடிக்காரர் அதை அன்னைக்கே பேங்க் வட்டிக்குக் கட்டிட்டாரு."

வீட்டுக்கு வந்தோம். மாமாவின் தொகையையும் கொடுத்து வாங்க மகளிடம் பணம் இல்லை. கடனை ஏற்றுக்கொண்டு வாங்கினால், எங்கள் குடும்பத்தில் முதல் கடனாளி என் மகள். விலகினால், எங்கள் குடும்பத்தில் வாக்குத் தவறிய முதல் ஆள் நான்.

"ரெண்டு பக்கமும் ஒரே எடை," என்றாள் மனைவி. "தராசு நடுவுல நிக்குது. பாக்க அழகா இருக்கு."

மகள் சோபாவில் கிடந்த ஒரு அம்மாளின் தோளைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் வலி தாங்காமல் கத்தியதிலிருந்து, மகளின் மனம் அந்தத் தோளில் இல்லை என்று தெரிந்தது. மாலையில் அவள் முன்னறைக்காக வாங்கி வைத்திருந்த திரைத்துணியை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். கேட்கமாட்டாள் என்று சொன்னேன் அல்லவா.

மறுநாள் நான் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். "வா. அந்தப் பெரியவரைப் பாத்துட்டு வரலாம்."

கண்ணாடிக்காரரும் மனைவியும் எங்களை உள்ளே விட்டுவிட்டு, கடையில் அவசர வேலை என்று போய்விட்டார்கள். நான் படிக்கட்டின் அடியில் நின்றேன். மேலே, விட்டத்துக்கு அந்தப்பக்கம், இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. மடிப்புக் கலையாத கால்சட்டை, பளபளக்கும் செருப்பு.

"யாரு?" என்று ஒரு குரல் வந்தது. தூங்குகிற ஒரு பஸ்ஸையே எழுப்பிவிடக்கூடிய குரல்.

"வீடு வாங்கறவங்க. கீழ வந்தா பேசலாம்."

"பேச வந்தது நீங்க. மேல வாங்க."

"நான் தலை குனிஞ்சு எங்கயும் ஏறறதில்ல."

"நானும் தலை குனிஞ்சு இறங்கறதில்ல. சாப்பாடே மேலதான் வருது."

மகள் என்னையும் அந்தச் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படிக்கட்டின் நடுப்படியில், விட்டத்துக்கு நேர்கீழே, உட்கார்ந்துகொண்டாள். "சரி. ரெண்டு பேரும் என்கிட்ட சொல்லுங்க. நான் மேலயும் கீழயும் சொல்றேன்."

"காது கேக்குதும்மா எனக்கு," என்றது மேல் குரல்.

"அப்ப இன்னும் வசதி."

நான் தொண்டையைச் செருமினேன். "எங்க குடும்பத்துல கடன்ங்கற பேச்சே கிடையாது. அதை முதல்ல சொல்லிடறேன்."

"ரொம்ப நல்லது. அப்ப பணத்தை எண்ணி வச்சிட்டு வீட்டை எடுத்துக்குங்க."

"அவ்வளவு பணம் இப்ப இல்ல."

"அதுக்குப் பேருதான் கடன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன். "பெரியவரே, மருமகனுக்குக் குடுத்த பணம் அது. அவரையே கேக்கலாமே."

"அவனையா? அவன் கண்ணாடி விக்கறான், அவனுக்குக் கண்ணு தெரியல. ரெண்டாவது கடை வேணாம்னேன், கேக்கல. வீட்டை விக்கறான், அதையும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நீங்க வந்துட்டுப் போனப்புறம் சாப்பாட்டுத் தட்டோட சேதி வருது." குரல் சற்றுத் தணிந்தது. "நானும் விலையில சேந்திருக்கேனாமே. எவ்வளவு போட்டாங்க எனக்கு?"

அன்று நான் கீழே சிரித்த சிரிப்பை அவரும் மேலிருந்து கேட்டிருப்பார்.

மகள் எழுந்து இரண்டு படி ஏறினாள். "மாமா, உங்களுக்குப் பணம் வந்ததும் எங்க போறதா உத்தேசம்?"

"எங்க போறது? இந்த ரூம்லதான் இத்தனை வருஷம். ஜன்னல்ல பஸ் ஸ்டாப் தெரியும். யார் டிக்கெட் எடுக்காம ஏறப்போறான்னு இங்கிருந்தே மூஞ்சியைப் பாத்துச் சொல்லிடுவேன்."

"அப்ப இங்கயே இருங்க," என்றாள் மகள் சட்டென்று. "எனக்குக் கீழ் ரூம்தான் வேணும்."

"ஓசியிலயா?" செருப்பு ஒன்று தரையைத் தட்டியது. "ஓசியில ஏறினவனையெல்லாம் நடுரோட்டுல இறக்கி விட்டவன் நான். நானே ஓசியில இருக்கறதா? வாடகை குடுப்பேன். மாசம் பிறந்தா குடுப்பேன்."

இங்கே என் ரத்தம் சூடேறிவிட்டது. வாங்குவதற்கு முன்பே எங்கள் வீட்டில் குடியிருக்க நிபந்தனை போடுகிறார் ஒரு மனிதர். வீட்டுக்காரன் என்றால் யார் என்று காட்ட வேண்டும் அல்லவா? "வாடகைன்னா சும்மா இல்ல," என்றேன். "அட்வான்ஸ் வேணும். அட்வான்ஸ் வாங்காம யாரையும் குடிவைக்கறது எங்க குடும்ப வழக்கமில்ல."

உண்மையில் எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் குடிவைத்ததே இல்லை. ஆனால் வைத்திருந்தால் அப்படித்தான் வைத்திருப்போம்.

"எவ்வளவு?"

அவரால் கொடுக்க முடியாத ஒரு தொகையைச் சொல்லி அடக்கிவிட நினைத்தேன். அந்த நேரத்தில் பெரிய தொகை என்று மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். முந்தின இரவு முழுக்கத் தூக்கத்தைக் கெடுத்த அந்தத் தொகை. அதைச் சொன்னேன்.

மகள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின.

"அந்தத் தொகைதான் ஏற்கெனவே உங்க வீட்டு மேல இருக்கே," என்றார் வில்லங்கம். "அதையே வச்சுக்குங்க."

"அப்பா," என்றாள் மகள் மூச்சுவிடாமல். "இனிமே அது கடன் இல்ல. அட்வான்ஸ்."

நான் யோசித்தேன். எடைக்கல்லை இந்தத் தட்டிலிருந்து எடுத்து அந்தத் தட்டில் வைத்தால் அதே கல்தானா என்று யோசித்தேன். கடன் வாங்கியவன் கைநீட்டினவன். அட்வான்ஸ் வாங்கியவன் வீட்டுக்காரன். குடியிருப்பவர் காலி பண்ணும்போது திருப்பிக் கொடுக்கிறான்; அதுவரை அவன் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. உலகம் முழுக்க மானமுள்ள மனிதர்கள் அட்வான்ஸ் வாங்குகிறார்கள். இதில் குறை காண என்னால் முடியவில்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

"சரி," என்றேன். "ஆனா கடன் தீந்துதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"போடறேன். முறையா மேல வந்து கேளுங்க. என் மருமகன் கேக்கல. நீங்களாவது கேளுங்க."

அது நியாயம்தான். எனக்கும் தெரிந்தது. ஆனால் நெற்றிக்கு நேரே அந்த விட்டம் நின்றது. மகள் ஒதுங்கி வழிவிட்டாள். கெஞ்சவில்லை. முன்னறையின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு, தினமும் எங்கள் சோபாவைப் பார்த்துச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"குனியாதீங்கப்பா. முதுகு நேரா இருக்கட்டும். முட்டியை மடக்குங்க."

மடக்கினேன். முதுகு ஒரு நூல் அசையாமல், தலை நிமிர்ந்தபடி, முட்டியை மட்டும் மடக்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன். தூரத்திலிருந்து பார்த்தால் வாத்து போல இருந்ததாக மகள் சொல்கிறாள். தூரத்திலிருந்து பார்க்க அங்கே யாரும் இல்லை. விட்டம் என் தலைமுடியைக்கூடத் தொடவில்லை. அந்தப்பக்கம் எழுந்து நின்றபோது, என் உயரமே உள்ள, என்னைப்போலவே நிமிர்ந்த ஒரு மனிதர் எதிரே நின்றார்.

"ஐயா," என்றேன், "இந்த வீட்டை என் மகள் வாங்க நினைக்கிறா. உங்க சம்மதம் வேணும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் ஏறி வந்த படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது எப்படி ஏறினீங்க?" என்று மெல்லக் கேட்டார். "எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. கீழ போயே ரொம்ப நாளாச்சு."

வக்கீல் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேனாவைச் சுழற்றினார். பிறகு பேங்கில் பணம் கட்ட ஒரு நாள், மாமா எழுதிக் கொடுக்க ஒரு நாள், வாடகை ஒப்பந்தம், கிரயம் எல்லாவற்றையும் வரிசையாக ஏற்பாடு செய்தார். வில்லங்கம், என் மகளிடம் கற்றுக்கொண்ட நடையில் படியிறங்கி, எங்களோடு பதிவு அலுவலகத்துக்கும் வந்தார். பஸ்ஸில்தான் வந்தார். எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்றா என்று அவரே பார்த்துக்கொண்டார்.

பதிவு அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா கணினியைப் பார்த்து உரக்கப் படித்தார்: "இந்தச் சொத்தில் வில்லங்கம் ஏதும் இல்லை."

"ஏன், நான் இங்க உக்காந்திருக்கறது தெரியலையா?" என்றார் பெஞ்சில் இருந்தவர்.

கண்ணாடிக்காரர் காலி செய்ததும் மகள் அங்கே குடிபோனாள். முன்னறை இப்போது அவள் நினைத்தபடியே இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே கட்டில், மூலையில் அந்தத் திரை. என் சோபா எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் நான் அதில் அதிகம் உட்கார்வதில்லை. காரணம் இதுதான். வில்லங்கத்துக்குக் கோபம் வரும். குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால் வரும். நோயாளிகள் செருப்பைத் தாறுமாறாக விட்டால் வரும். வந்தால் உடனே பெட்டியை எடுத்து மாடிப்படியின் தலைப்பில் வைத்துவிட்டு, "நான் காலி பண்றேன். அட்வான்ஸை எடுத்து வைங்க," என்பார். மகள் எனக்குப் போன் செய்வாள்.

"போங்க, போங்க," என்பாள் என் மனைவி. "உங்க கடன்காரர் கோவிச்சுக்கிட்டாராம்."

"குடித்தனக்காரர்," என்று திருத்திவிட்டுக் கிளம்புவேன்.

போய்ப் படியேறுவேன். அவரோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களில் யார் டிக்கெட் எடுக்கமாட்டான் என்று பார்ப்பேன். எதிர்க் கடைத் தராசில் ஊசி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று நான் சொல்வேன். அவர் பெட்டியை உள்ளே எடுத்து வைப்பார். சில வாரங்களில் இது இரண்டு தடவைகூட நடக்கும்.

போன மாதம் மகள் என்னைக் கட்டிலில் உட்கார வைத்துத் தட்டிப் பார்த்தாள். முட்டி இரண்டும் வாலிபனுடையதுபோல மடங்குகிறதாம். முதுகில் ஒரு மாற்றமும் இல்லையாம்.

நல்லது என்றேன்.